ஒரு லட்சத்து எட்டாயிரம் அடி

எனக்கு எழுபத்து நாலு வயது. இதில் மூன்று நாட்கள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். மீதி நாட்களில் பேசிப் பேசி நான் செய்த கெடுதலை எல்லாம் ஒரு தட்டிலும், அந்த மூன்று நாள் பேசாமல் செய்ததை இன்னொரு தட்டிலும் வைத்தால், இரண்டாவது தட்டுதான் தரையைத் தொடும். (எடை போட்டவர் யார் என்று என் பெண் கேட்பாள். நான்தான். வேறு யாருக்கு இந்த வேலை.)

நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஒரகடத்தில் இன்றைக்கு கார் கம்பெனிகளின் சுவர் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அன்றைக்கு வேலிகாத்தான் புதருக்கு நடுவில் எங்கள் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பால் பண்ணை மெஷின்களுக்கு வால்வு செய்தோம். நான் அங்கே இன்ஸ்பெக்டர். ஒரு ஷிப்டுக்கு நானூறு வால்வு என் கையில் ஏறி இறங்கும். எண்ணுவதற்கே பிறந்தவனை எண்ணுவதற்கே வேலைக்கு வைத்திருந்தார்கள்.

வால்வின் வரைபடம் டென்மார்க்கிலிருந்து வந்தது. அந்த நாட்டுக் கம்பெனியோடு கூட்டு. மூன்று மாதப் பயிற்சிக்கு இரண்டு பேரை அனுப்புவதாக முடிவானபோது என்னையும், பென்னலூர்க்காரனான மெஷின் ஆபரேட்டர் டில்லியையும் தேர்ந்தெடுத்தார்கள். கிளம்பும் முன் மானேஜர் எங்களை உட்காரவைத்து ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். அங்கே போய் போலீஸ், வழக்கு என்று எதிலாவது மாட்டினால் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டும், திரும்பினால் இங்கே வேலை இருக்காது. இதை அவர் மூன்று முறை சொன்னார். டில்லி ஒரு முறை கேட்டான். நான் மூன்று முறையும் கேட்டேன்.

அப்போது என் மனைவி மல்லிகாவுக்கு ஆறாவது மாதம் தொடங்கியிருந்தது. அது எங்களுக்கு மூன்றாவது. முதல் குழந்தை ஐந்தாம் மாதம் தங்கவில்லை. அது போனதும், அடுத்தது நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று மணிமங்கலத்திலிருந்து திருத்தணி வரை வெறுங்காலோடு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். இரண்டாவது வயிற்றில் இருந்த ஆறு மாதமும் கம்பெனியில் ஓவர்டைம் சக்கைப்போடு போட்டது. அடுத்த கிருத்திகை, அதற்கடுத்த கிருத்திகை என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆறாம் மாத முடிவில் அதுவும் போயிற்று. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, கணக்கு எனக்கே தெரிந்தது.

இந்த நிலையில் வெளிநாடு போவதா என்று நான் தயங்கியபோது மல்லிகாதான் தள்ளிவிட்டாள். குழந்தை எத்தனை முறை உதைக்கிறது என்று நான் காலண்டர் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. “நீங்க இருந்து மட்டும் இன்னா பண்ணப் போறீங்க? பக்கத்துல குந்திகினு எண்ணிகினு இருப்பீங்க. போய்ட்டு வாங்க, நான் கொஞ்சம் தூங்கறேன்” என்றாள். மூன்று மாதம்தான், ஒன்பதாம் மாதம் தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டுக் கிளம்பினேன்.

டென்மார்க் என்றால் நாங்கள் இறங்கியது பால்டிக் கடலில் இருக்கும் ஒரு தீவில். அதன் பெயரை நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை, அதனால் இங்கேயும் விட்டுவிடுகிறேன். ஜூன் பிறந்தும் பல் கிட்டும் குளிர். செங்கல் நிறத்தில் ரொட்டி, செங்கல் கனத்தில் ரொட்டி. தீவு முழுக்க இந்தியர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் ஒரு கிழவியம்மாள் வீட்டு மாடியில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஃபோர்மன் பெயர் எரிக். ஆறடிக்கு மேல் உயரம், நாள் முழுக்க இருபது வார்த்தை பேசுவார். அதில் பாதி ‘சரி’.

பத்தாவது வாரம் மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. மல்லிகாவுக்கு நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். எழுந்து நடக்கக்கூடாது என்று தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். கடிதத்தில் தேதியைப் பார்த்தேன். எழுதி பதினோரு நாள் ஆகியிருந்தது. அதாவது கடிதத்தில் இருந்தது பதினோரு நாளைக்கு முந்தைய மல்லிகா. இன்றைய மல்லிகா எப்படி இருக்கிறாள் என்று சொல்ல அந்தத் தீவில் ஒருவரும் இல்லை.

எரிக்கிடம் ஓடினேன். என்னை உடனே அனுப்பும்படி தலைமை ஆபீசில் கேட்பதாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை, சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை, செவ்வாய்க்கிழமைதான் ஆபீஸ் திறப்பார்கள் என்றார். நான் நிற்கிற நிற்பைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, தீவின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை கடலோரமாகவே ஒரு நடைபாதை போகிறது, மனது சரியில்லாதவர்கள் நடப்பது நல்லது என்றார். முன்காலத்தில் புயலில் கப்பல் உடைந்தால், கரையேறியவர்களைத் தேடிக்கொண்டு ஊர்க்காரர்கள் நடந்த பாதையாம். இப்போது சும்மா நடக்கிறார்களாம்.

பாதையின் முடிவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். யோசித்து, கலங்கரை விளக்கம் என்றார். அங்கே போய் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பஸ் பிடித்துத் திரும்பி வருவார்கள் என்றார். எவ்வளவு தூரம் என்றதற்கு எழுபது கிலோமீட்டர் என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மணிமங்கலத்திலிருந்து திருத்தணிக்கு நான் போட்டு வைத்திருந்த கணக்கும் எழுபது. என் ஒரு அடி அறுபத்தைந்து சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தேன். ஒரு லட்சத்து எட்டாயிரம் அடி, கொஞ்சம் முன்னே பின்னே. நூற்றெட்டு ஆயிரம். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பாக்கி வைத்த நடையை இங்கேயே நடந்து தீர்த்துவிடு என்று முருகன் எனக்கு டேனிஷ் ஃபோர்மன் மூலமாக ஆள் விட்டுச் சொல்வதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். வெறுங்கால், மௌனம், மீன் கறி கிடையாது. முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசினால் குழந்தை இல்லை. நிபந்தனைகளைப் போட்டதும் நானே, ஒப்புக்கொண்டதும் நானே.

டில்லியிடம் சொன்னபோது அவன் கட்டிலிலிருந்து எழவே இல்லை. “ஏன்ணா, கோயிலே இல்லாத ஊர்ல எங்க போய் நிப்ப?” என்றான். விளக்குக்கிட்ட நிற்பேன் என்றேன். “குளுருது, பூட்ஸாவது போட்டுகினு போ. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றான். அவனைப் பொறுத்தவரை முருகன் பென்னலூர் ஆள்.

சனிக்கிழமை காலை வடக்கு முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். கையில் ஒரு பாட்டில் தண்ணீர், அரைப் பாக்கெட் பிஸ்கட். வேறு உணவு எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்றால், நடைப்பயணம் போகிறவன் சோறு கட்டிக்கொண்டு போவதை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் காவடி எடுத்துப் போகிறவர்களுக்கு சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் ஏழெட்டுப் பந்தல் வந்துவிடும். மோர், பானகம், தொன்னையில் புளிசாதம். ‘வேணாம்’ என்றால் கோபித்துக்கொள்வார்கள். நடக்கிறவனுக்குச் சோறு போடுவது உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உலக வழக்கம் அல்ல, காஞ்சிபுரம் ஜில்லா வழக்கம்.

நடக்கத் தொடங்கும் முன் இன்னொன்று செய்தேன். வேண்டுதல் என்றால் மொட்டை உண்டு. அங்கே யார் போடுவார்கள்? கடலோரப் பாறையில் உட்கார்ந்து, முகம் மழிக்கிற ரேசரால் நானே போட்டுக்கொண்டேன். கண்ணாடி இல்லை. சோப்பு நுரைக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஒத்துவரவில்லை. மீசையையும் எடுத்தேன். பதினாலு வெட்டு. ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு (தூறல் போட்டுக்கொண்டே இருந்தது) முதல் அடியை எடுத்து வைத்தேன்.

ஆயிரம் அடிக்கு ஒரு கூழாங்கல். குனிந்து பொறுக்கி பேன்ட் பையில் போட்டுக்கொள்வேன். நூற்றெட்டுக் கல் சேர்ந்தால் முடிந்தது. முதல் நாள் இருபத்தேழு கல். அந்த இருபத்தேழுக்குள் பாறை, வழுக்குப் பாறை, முட்டியளவு காஞ்சொறிச் செடி, மறுபடி பாறை. வயலுக்கு வயல் கல்வேலி, அதைத் தாண்ட மர ஏணி. ஏணிகள் பத்தொன்பது. ஒரு வயலில் பதினாலு மாடுகள் என் பின்னாலேயே மௌனமாக நடந்து வந்தன. என் வேண்டுதலில் அவையும் சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது. எதிரே வந்த நாலைந்து பேர் வணக்கம் மாதிரி ஏதோ சொன்னார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்கள் வேகமாக நடந்தார்கள்.

பந்தல் ஒன்றுகூட வரவில்லை. நாலாவது மணி நேரத்தில் பிஸ்கட் தீர்ந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் அதைப் பார்த்தேன். பாதையோரமாக ஒரு மேசை. மேசைமேல் விரிப்பு, சின்னச் சின்ன அட்டைப்பெட்டியில் ஸ்ட்ராபெர்ரி பழம். பக்கத்தில் ஓட்டை போட்ட தகர டப்பா ஒன்று. அவர்கள் பாஷையில் ஏதோ எழுதிய பலகை. ஆள் யாரும் இல்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூரம் அதிகம், மக்கள் குறைவு, அதனால் பந்தல் இப்படிச் சின்னதாக இருக்கிறது, உண்டியலும் வைத்திருக்கிறார்கள், கொடுக்கிறவர் கொடுக்கலாம் என்று புரிந்துகொண்டேன். கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து மூன்று பெட்டி சாப்பிட்டேன். எழுந்து வீட்டைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக ஒரு கும்பிடு போட்டேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். புண்ணியவதி என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அன்றைக்கு ஒரு படகுக் கொட்டகையில் படுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை இன்னொரு வீட்டு வாசலில் அதே மாதிரி இன்னொரு மேசை. இந்த முறை உருளைக்கிழங்கு. ஒரு குடும்பம் சைக்கிளில் வந்து இறங்கியது. பலகையைப் படித்தார்கள், டப்பாவில் எண்ணி எண்ணிக் காசு போட்டார்கள், கிழங்குப் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் உள்ளங்கால் வலி அத்தனையும் அந்த நொடியில் மறைந்துவிட்டது. அது பந்தல் இல்லை, கடை. நான் சாப்பிட்டது அன்னதானம் இல்லை, திருட்டு. மானேஜர் மூன்று முறை சொன்னது மூன்று முறையும் காதில் கேட்டது.

திரும்பிப் போய்க் காசு வைத்துவிட்டு வரலாம். ஆனால் வேண்டுதல் நடையில் பின்னால் திரும்பக்கூடாது. (யார் சொன்னது என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை நான்தான் சொன்னேன்.) அதனால் முன்னாலேயே, முன்பைவிட வேகமாக, நடந்தேன்.

பகல் ஒரு மணிக்கு நாற்பத்தாறாவது கல்லைப் பையில் போட்டேன். அதற்குள் பை இரண்டும் கனத்து, பேன்ட் இடுப்பில் நிற்காமல், ஒரு கையால் அதைப் பிடித்தபடிதான் நடந்துகொண்டிருந்தேன். பாதை அந்த இடத்தில் ஒரு சரிவில் இறங்கிக் கடலுக்குப் பக்கத்தில் போகும். சரிவின் அடியில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். வயதானவர், சாந்தமான முகம். என்னைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதைப் பார்த்து, ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, நான் மிஸ்டர் ஏகாம்பரமா என்று கேட்டார்.

இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தலையை மேலும் கீழும் ஆட்டியிருந்தால் போதும். மௌனம் கலையாது. வேண்டுதலுக்கு ஒரு குறையும் வராது. ஆனால் என் கண்ணுக்கு எதிரே நின்றது மூன்று பெட்டி ஸ்ட்ராபெர்ரி. பெயரைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வேலை போகும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழியில்லாமல் போகும், மல்லிகா கட்டிலில் கிடப்பாள். நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். ஒரு முறை அல்ல, நாலு முறை. நான் நான் இல்லை.

அவர் காகிதத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். கம்பெனி பாஸில் இருந்த படம். கிராப்பு, மீசை, மூக்குக்கண்ணாடி, டை. என்னைப் பார்த்தார். ரத்தம் கோடு கோடாகக் காய்ந்த மொட்டை, வெறுங்கால், நனைந்த துணி. இரண்டும் ஒரே ஆள் என்று பெற்ற தாய்கூட சொல்லியிருக்கமாட்டாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அப்புறம் என் பேன்ட் பைகளைப் பார்த்தார், என் முதுகுக்குப் பின்னால் இருந்த கடலைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மெதுவாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பை நிறையக் கல்லைப் போட்டுக்கொண்டு கடலை நோக்கி இறங்குகிறவனைப் பற்றி ஒரு போலீஸ்காரர் என்ன நினைப்பார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கீழே போட ஆரம்பித்தார். நாற்பத்தாறாயிரம் அடி. நான் அவர் கையைத் தட்டிவிட்டு, கீழே விழுந்த கற்களைப் பொறுக்கி மறுபடி பையில் போட்டேன். அவர் மறுபடி எடுத்தார். கடைசியில் நான் அழுதேன், சத்தமில்லாமல். அவர் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தி, முதுகைத் தடவிக்கொடுத்து, ஜீப்பில் ஏற்றினார். எவ்வளவு நல்ல மனிதர் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தீவின் ஆஸ்பத்திரியில், தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கும் ஓர் அறையில் என்னை வைத்தார்கள். காலில் ஒன்பது முள் எடுத்தார்கள். டாக்டர் என் பின்னால் போய்த் திடீரென்று கையைத் தட்டினார். நான் துள்ளினேன். காது கேட்கிறது, பேச்சுதான் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். பேனாவும் காகிதமும் கொடுத்தார்கள். எழுதுவதும் பேச்சுதான் என்று நான் தொடவில்லை. எங்கிருந்து வருகிறாய் என்று ஒரு வரைபடத்தை நீட்டினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே கடலைக் காட்டினேன். அது பொய் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்தக் காலத்தில் எதிர்க்கரைக் கம்யூனிஸ்ட் நாடுகளிலிருந்து படகில் தப்பி வருகிறவர்கள் உண்டாம். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

நான் அறைக்குள்ளேயே நடந்தேன். சுவருக்குச் சுவர் ஏழு அடி. மல்லிகாவுக்காக, நாற்பத்தாறாயிரத்து ஒன்று, நாற்பத்தாறாயிரத்து இரண்டு. ஞாயிறு நடந்தேன், திங்கள் நடந்தேன். நர்ஸ் கதவு ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டுப் போவாள். வெளியே தீவின் போலீஸும் படகுக்காரர்களும் காணாமல்போன மிஸ்டர் ஏகாம்பரத்தைப் பாறை பாறையாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து டில்லியை அழைத்துவந்தார்கள். பேசமுடியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், உன் நாட்டுப் பக்கம்போல் இருக்கிறது, பார்த்துச் சொல் என்று கூட்டிவந்தார்களாம். அவன் கண் வீங்கியிருந்தது. இரண்டு நாளாக அவன் என்னைப் பிணமாகத் தேடிக்கொண்டிருந்தான். வாசலில் நின்று என் மொட்டையை, கால் கட்டை, திரும்ப முகத்தைப் பார்த்தான்.

“ணா” என்றான். அப்புறம் நர்ஸ் பக்கம் திரும்பித் தமிழிலேயே சொன்னான். “இந்தாளு ஊமை இல்லம்மா. இந்தாளு பேச ஆரம்பிச்சா எங்க லைனே நின்னுடும்.”

நான் உதட்டில் விரல் வைத்தேன். கணக்கு இன்னும் முடியவில்லை, ஐம்பத்தெட்டாயிரத்தில் இருந்தேன். டில்லி வந்து கட்டிலில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தான். ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து இங்கே கம்பெனிக்கு டெலக்ஸ் என்ற தந்தி மெஷினில் வந்தவை. நான் இரண்டாவதை எட்டிப் பிடுங்கப் போனேன். அவன் கையை விலக்கிக்கொண்டான். “வந்த வரிசைலதான் பாக்கணும்னு நீதானே சொல்லுவ. மொதல்ல மொதல்து” என்றான். வால்வு மேசையில் நான் அவனை அப்படித்தான் விரட்டுவேன். ஒன்றை விட்டு ஒன்றைத் தொட்டால் திட்டுவேன்.

முதல் தாள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்து, விடுமுறைக் காவலுக்கு இருந்தவர் கண்ணில் பட்டு எரிக்கிடம் போயிருந்தது. மல்லிகாவுக்கு ரத்தப்போக்கு, உடனே ஆபரேஷன், கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரலாம், கணவன் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டார்கள், சம்மதம் என்று ஒரு வார்த்தை அனுப்பவும்.

ஒரு வார்த்தை. எழுந்தேன், உட்கார்ந்தேன். ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தேன். மூன்று நாள் மூடியிருந்த வாயில் முதலில் காற்றுதான் வந்தது.

“சம்மதம்” என்றேன். சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“யார்கிட்டணா சொல்ற?” என்றான் டில்லி. குரல் உடைந்துபோய் இரண்டாவது தாளை என் மடியில் வைத்தான். “அண்ணியே போட்டுட்டாங்க கையெழுத்து. பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் உசுரோட கீறாங்க. பை எடுத்துட்டாங்களாம்.”

அப்புறம் நான் பேசினேன். டாக்டர், நர்ஸ், எரிக், சாந்த முகப் போலீஸ்காரர் எல்லாரும் சுற்றி நிற்க, நிறுத்தாமல் இரண்டு மணி நேரம் பேசினேன். நான் ஏன் நான் இல்லை என்று சொன்னேன் என்பதற்கு ஸ்ட்ராபெர்ரியிலிருந்து தொடங்கினேன். போலீஸ்காரர், அந்தப் பழத்தைப் பற்றி யாரும் தன்னிடம் சொல்லவே இல்லை என்றார். பின்னால் விசாரித்தபோது, அந்தப் பண்ணைவீட்டம்மாள், பசித்த மனிதர் யாரோ சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று விட்டுவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை போலீஸ்காரர் மேடும் பள்ளமுமாக அந்தப் பாதையில் நடந்தது, ஊரிலிருந்து வந்த அந்த ஒரே ஒரு செய்தியை என்னிடம் சொல்லத்தானாம்.

விமானத்தில் இடம் கிடைத்து நான் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை. மல்லிகா காகிதம்போல் வெளுத்துப் படுத்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ அறுநூறு கிராமில் என் பெண் இருந்தாள். மச்சான் என் மொட்டையைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். காணோம் என்று செய்தி வந்த நாளில் அவர்தான் அதை மல்லிகாவின் காதுக்குப் போகாமல் மறைத்துவைத்தவர்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாடுகள், மேசை, கல். போலீஸ்காரர் கல்லை எடுத்து எடுத்துப் போட, நான் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டதைச் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “போதுங்க, தையல் வலிக்குது” என்றாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று கவனித்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு, அவளாகவே சொன்னாள். அவள் அண்ணன் கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம், முடியாது என்றார்களாம். அவள் அம்மா போடுகிறேன் என்றார்களாம், அதுவும் முடியாது. புருஷன் சொல்லட்டும் என்று ஒன்பது மணி நேரம் காத்திருந்தார்களாம். “அப்புறம் நான் எழுந்து குந்திகினு பேனாவ கேட்டேன். வயிறு என்னுது, கையும் என்னுதுதான்னு சொன்னேன். டாக்டரம்மா குடுத்துட்டாங்க.”

ஒன்பது மணி நேரம். நான் போலீஸ்காரரிடம் தலையாட்டியது அதில் நாலாவது மணியில். தலையை வேறு மாதிரி ஆட்டியிருந்தால் ஐந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அந்த ஐந்து மணி நேரத்தில் கர்ப்பப்பையைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று இதுவரை மூன்று டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் முடியும் என்றார், ஒருவர் முடியாது என்றார், ஒருவர் இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்றார். மல்லிகா ஒருநாளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கையெழுத்து என்றால் அவளுடையதுதான். பெண்ணின் ரேங்க் கார்டு, ரேஷன் அட்டை விண்ணப்பம், வீட்டுப் பத்திரம். கல்யாணப் பத்திரிகையில்கூட அவள் பெயர்தான் முதலில். ஸ்கூலில் அப்பா ஏன் போடவில்லை என்று டீச்சர் கேட்டபோது, என் பெண் ஏழு வயதிலேயே சொன்னாளாம்: “அப்பா நடந்துகினு இருக்காரு.” அவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. இன்றைக்கு எங்கள் சொந்தத்தில், தேவைப்படும் நேரத்தில் காணாமல்போகிற யாரையும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிளம்பர் வரவில்லையா, நடந்துகினு இருக்காரு. மாப்பிள்ளை போனை எடுக்கவில்லையா, நடந்துகினு இருக்காரு. டில்லி ரிட்டயராகி பென்னலூரில் இருக்கிறான், அவன் பேரன்கள்கூடச் சொல்கிறார்களாம்.

போன வருஷம் மல்லிகாவுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் படிவத்தை எடுத்துவந்து, சார், நீங்க ஒரு கையெழுத்துப் போடணும் என்று என்னிடம்தான் நீட்டினாள். நான் காலையிலிருந்தே பேனாவைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்து மூடியைத் திறப்பதற்குள், சக்கர நாற்காலியிலிருந்து மல்லிகா கையை நீட்டினாள்.

“இங்க குடும்மா. அவரு நடந்துகினு கீறாரு.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு அவளிடமே கொடுத்தாள். மல்லிகா நிதானமாகப் படித்து, தன் பெயரை முழுசாக எழுதினாள். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளி, அடியில் ஒரு கோட்டைக் காட்டினாள். சாட்சி என்று போட்டிருந்தது. அங்கே போட்டேன்.